ஐந்தாம் பாகம் தராத திங்கட்கிழமை

பாகம் சார் என்றால் அந்த மருத்துவமனையின் மூன்று வார்டுகளிலும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே புத்தக வண்டி தள்ளுகிறவர். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை பத்தேகாலுக்கு வண்டி இரண்டாம் வார்டுக்குள் நுழையும். கட்டிலருகே நின்றதும் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. "எத்தனாவது பாகம்? எந்தப் பக்கம்?" இந்த இரண்டு கேள்விதான். பெயர் அதிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

வண்டியில் மூன்று தட்டு, நானூற்றுப் பன்னிரண்டு புத்தகம். மேல்தட்டு மாயக்கதைத் தொடர்கள், நடுத்தட்டு அறிவியல் கதைத் தொடர்கள், கீழ்த்தட்டு ஒற்றைப் புத்தகங்கள். ஒற்றைப் புத்தகத்தை அவர் பெரிதாக மதிப்பதில்லை. கேட்டால் எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். தொடர் என்றால் மட்டும் ஆள் மாறிவிடுவார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படுத்திருப்பவரை மேலும் கீழும் துணிக்கடைக்காரர் போலப் பார்ப்பார்.

எலும்பு முறிந்து மல்லாந்து கிடப்பவருக்கு முதல் பக்கத்திலேயே வரைபடம் உள்ள மாயக்கதை. அதில் ஆட்கள் மலை, காடு, பாலைவனம் என்று நடந்துகொண்டே இருக்க வேண்டும். நடக்க முடியாதவருக்கு அது பிடிக்கும் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு நான்கு ஆண்டு ஆயிற்று. சோதனை முடிவுக்குக் காத்திருப்பவருக்கு அறிவியல் கதை. அத்தியாயம் பத்துப் பக்கத்துக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சாவது அவிழ வேண்டும். முதல் பாகத்திலேயே குழந்தை சாகிற தொடர் இரண்டு இருந்தன. அவற்றைப் பெண்கள் வார்டுக்குள் கொண்டுபோகவே மாட்டார்.

ஏழாம் கட்டிலில் தொடையெலும்பு உடைந்து, காலைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கிடந்த சலூன்காரர் முதல் நாளே கையை உதறினார்.

"பூதம், மந்திரக்கோல் எல்லாம் சின்னப் பசங்களுக்குக் குடுங்க சார். என்னை விடுங்க."

"பூதம் இருக்கு. ஆனா அதுக்கு முடி வெட்ட ஆள் கிடைக்கல. முப்பது வருஷமா வளர்ந்து ஆத்துல கிடக்கு. அதுதான் மொதல் பாகம்."

"எப்படிக் கிடைப்பான்? அந்த முடிக்கு எந்தக் கத்தி தாங்கும்? எழுதினவனுக்கு அது தெரியுமா?"

"படிச்சுட்டுச் சொல்லுங்க."

சலூன்காரர் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு, கத்தி விஷயத்தில் எழுதினவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு வேறு தொடர் கேட்டார்.

இதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது. ருசிக்கு மேலே ஒரு விதி இருந்தது. முதல் பத்து ஆண்டில் அறுபத்து மூன்று பாகங்கள் வார்டை விட்டு வெளியே போய்விட்டன. யாரும் திருடவில்லை. வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் போர்வையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒரு பாகம் போனால் தொடரே போயிற்று. 'உப்புக் கோட்டை' என்ற ஒன்பது பாகத் தொடரில் மூன்றாவது காணாமல் போய், பழைய புத்தகக் கடையில் வேறொன்று கிடைக்கும்வரை நான்கு ஆண்டு யாராலும் இரண்டிலிருந்து நான்குக்குத் தாவ முடியவில்லை. அதன் பிறகுதான் பாகம் சார் தம் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டார். கட்டத்தின் தலைப்பு, 'தங்கும் நாள்'.

ஒவ்வொரு திங்களும் பெரிய சிஸ்டரிடம் போய், எந்தக் கட்டில் இன்னும் எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொள்வார். ஆள் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் படிக்கிறார் என்பதும் நோட்டில் இருக்கும். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு, தங்கும் நாளுக்குள் முடியக்கூடிய புத்தகத்தை மட்டும் கொடுப்பார். அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டில் தொலைந்தது இரண்டே பாகம்.

இந்த விதியை மோப்பம் பிடித்ததும் சலூன்காரர்தான். "டாக்டர் சொல்றது இருக்கட்டும்பா. பாகம் சார் என்ன புக் குடுக்கறாருன்னு பாரு. தடியா குடுத்தா இருப்ப. ஒல்லியா குடுத்தா வீட்டுக்குப் பெட்டி கட்டு" என்று எதிர்க் கட்டிலுக்குச் சொன்னார். வார்டே சிரித்தது. பெட்டி என்றால் எந்தப் பெட்டி என்று எதிர்க் கட்டில்காரர் திருப்பிக் கேட்க, இன்னும் சிரித்தார்கள். பாகம் சாரும் சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சிரிப்பை அன்றே நிறுத்தியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒன்பதாம் கட்டிலுக்கு ஜூன் எட்டாம் தேதி ஒரு லிப்ட் மெக்கானிக் வந்தார். வயது நாற்பத்தேழு. வயிற்றில் கட்டி. மருந்து ஏற்றி அதைச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுவை செய்ய வேண்டும். மனைவி இல்லை. கூட இருந்து பார்த்துக்கொண்டவர் தங்கை, ஒரு அச்சகத்தில் பைண்டிங் வேலை செய்கிறவர். இயந்திரம் தெரிந்த ஆள் என்பதால் பாகம் சார் முதலில் நட்சத்திரங்களுக்கு நடுவே நூறு மாடிக் கப்பல் ஒன்று போகிற அறிவியல் தொடரைக் கொடுத்தார். மெக்கானிக் பதினான்காம் பக்கத்தில் மூடிவிட்டார்.

"நூறு மாடிக் கப்பல்ல லிப்ட் போகுது. சரி. எதிர் எடை எங்க சார் தொங்குது? சொல்லவே இல்லையே. நான் ஏறமாட்டேன்."

தம் வாழ்நாளில் செய்த சிபாரிசுத் தவறுகளில் இது நாற்பத்தொன்றாவது என்று பாகம் சார் குறித்துக்கொண்டார். வேலை தெரிந்தவனிடம் அவன் வேலையைப் பற்றிய கதையைக் கொடுக்கக் கூடாது. பெரிய சிஸ்டர் இரண்டு மாதம் என்று சொல்லியிருந்தார். புதன்கிழமை, பத்தாம் தேதி, 'உப்புக் கோட்டை' முதல் பாகத்தை எடுத்து நீட்டினார். உப்பால் கட்டிய கோட்டை, மழை பெய்தால் கரையும், கரைந்த சுவரை விடிவதற்குள் மறுபடி கட்ட வேண்டும். கதவைக் காக்கிறவள் ஒரு கிழவி.

மெக்கானிக்குக்கு அது பிடித்துவிட்டது. ஒரு நாளைக்குத் தொண்ணூறு பக்கம், ஒரு பாகத்துக்கு ஆறரை நாள். வாந்தி எடுத்த நாளில்கூட முப்பது பக்கம். "இந்தக் கிழவி எங்க கம்பெனியில இருந்திருந்தா பாதி ரிப்பேரே வந்திருக்காது சார்" என்பார். ஜூலை ஐந்து, ஞாயிறு, நான்காம் பாகம் முடிந்தது. கோட்டையின் வடக்குச் சுவர் முழுவதும் இடிந்து, கிழவி உள்ளே மாட்டிக்கொண்ட இடம்.

மறுநாள் திங்கட்கிழமை பாகம் சார் வழக்கம்போல நோட்டோடு சிஸ்டர் மேசைக்குப் போனார். சிஸ்டர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஊசிமருந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாம் கட்டில்?"

"அவரா? நாலு நாள்தான் சார்."

நான்கு என்று எழுதினார். நான்கு நாளில் ஐந்நூற்றெண்பது பக்கம் முடியாது. கீழ்த்தட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு ஒற்றைப் புத்தகத்தை எடுத்து, மெக்கானிக்கின் மடியில் வைத்தார்.

"அஞ்சாவது இல்லையா சார்?"

"இதை முதல்ல படிங்க. நல்லா இருக்கும்."

மெக்கானிக் புத்தகத்தின் முதுகை விரலால் அளப்பது போலப் பிடித்துப் பார்த்தார். பிறகு பாகம் சாரின் முகத்தைப் பார்த்தார். ஏழாம் கட்டிலில் பேசிக்கொண்டிருந்த சலூன்காரர் பேச்சை நிறுத்திவிட்டார். பாகம் சார் இதில் எதையும் கவனிக்காமல் பத்தாம் கட்டிலுக்குப் போய்விட்டார்.

புதன்கிழமை காலை வண்டியை உள்ளே திருப்பும்போதே மெக்கானிக்கின் தங்கை குறுக்கே வந்து நின்றார்.

"எங்க அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நானா? ஒண்ணும் சொல்லலியேம்மா."

"நேத்து சாயங்காலம் டாக்டர் ஆபரேஷன் பாரம் கொண்டுவந்தாரு. கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. நாளைக்குக் காலையில ஆபரேஷன். கேட்டா, பாகம் சாருக்குத் தெரியும்ங்கறாரு. உங்களுக்கு என்ன தெரியும்? எங்களுக்குத் தெரியாதது உங்களுக்கு என்ன தெரியும்?"

பாகம் சார் வண்டியை அப்படியே நடுவழியில் விட்டுவிட்டு சிஸ்டர் மேசைக்கு ஓடினார்.

"ஒன்பதாம் கட்டில் நாலு நாள்னு சொன்னீங்களே, என்ன நாலு நாள்?"

"இந்த வார்டுல நாலு நாள். கட்டி நினைச்சதைவிடச் சீக்கிரம் சுருங்கிடுச்சு. வியாழக்கிழமை ஆபரேஷன், அப்புறம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சர்ஜரி கட்டடம். ஏன் சார், என்ன ஆச்சு?"

ஒல்லிப் புத்தகத்தைப் பார்த்து அவர் தம் ஆயுளே அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார் என்று சொன்னதும் சிஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து போய் விளக்கினார்கள். பாகம் சார் நோட்டையே திறந்து காட்டினார். இதோ கட்டம், இதோ தேதி, அறுபத்து மூன்று பாகம் தொலைந்தது, அதனால் வைத்த விதி, வேறு கட்டடத்துக்கு வண்டி போகாது, ஆகவே ஐந்தாம் பாகம் தரவில்லை. எல்லாம் ஒழுங்காக, வரிசையாகச் சொன்னார். மெக்கானிக் எல்லாவற்றையும் கேட்டார். ஆனால் அவர் கண் நோட்டில் இருந்த நான்கு என்ற எண்ணின் மேலேயே நின்றது.

"சார், லிப்ட்ல ஆளுங்க மாட்டிக்குவாங்க. நான் மேலருந்து கத்துவேன், 'ரெண்டே நிமிஷம் சார், பயப்படாதீங்க'ன்னு. மோட்டார் எரிஞ்சு கிடந்தாலும் ரெண்டு நிமிஷம்தான். இருபத்தாறு வருஷமா அதே ரெண்டு நிமிஷம். இப்ப நீங்க சொல்றது எனக்குப் புரியுது."

"நான் பொய் சொல்லல."

"நீங்க சொல்லல சார். புக் குடுக்கும்போது நீங்க பொய் சொன்னதே இல்ல. அதான் சொல்றேன்."

பாகம் சார் திரும்பிப் போய், மேல்தட்டிலிருந்து ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து கட்டில்மேல் அடுக்கினார். விதியை அவர் மீறிய முதல் நாள் அது.

மெக்கானிக் அடுக்கைப் பார்த்தார். "அஞ்சையும் மொத்தமா குடுக்கறீங்க" என்றார். "என்ன வேணும்னாலும் சாப்பிடலாம்னு டாக்டர் சொல்ற மாதிரி."

ஏழாம் கட்டிலிலிருந்து சலூன்காரர் அழாத குறையாகச் சொன்னார். "அண்ணே, நான்தான் விளையாட்டுக்கு அதைக் கிளப்பிவிட்டேன். எனக்கு வாய்க்கொழுப்பு. என் பேச்சைக் கேட்டு யாராவது முடிவு எடுப்பாங்களா? என் பேச்சைக் கேட்டு முடிவெட்டினவனே நல்லா இல்ல."

மெக்கானிக் சிரித்தார். பாரம் மட்டும் கையெழுத்தில்லாமல் மேசைமேல் கிடந்தது.

அன்று மாலை பாகம் சார் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவர். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே முழுவதையும் கேட்டார்.

"ஏங்க, அந்த சிஸ்டர்கிட்ட 'என்ன நாலு நாள்'னு அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கட்டத்துல எண் மட்டும்தான் எழுதறது."

"எனக்குக் காய்ச்சல் வந்தாலும் எண் மட்டும்தான் எழுதுவீங்க. நூத்தி ரெண்டுன்னு எழுதிட்டு, ஒரு டம்ளர் வெந்நீர் குடுக்க மறந்துடுவீங்க." இயந்திரத்தை நிறுத்தினார். "அவரு பயந்துபோயிருக்காருங்க. புக்கு ஒரு சாக்கு. ஒல்லியா குடுத்தாலும் பயம், தடியா குடுத்தாலும் பயம். நீங்க என்னதான் பண்ணுவீங்க பாவம்."

அந்தப் பாவம் என்ற சொல்தான் அவருக்கு அன்றிரவு சோறு இறங்கவிடாமல் செய்தது.

வியாழன் ஒன்பதாம் தேதி அறுவை அறை வேறொருவருக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை மெக்கானிக் தம் சொந்தப் பொறுப்பில் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். ஆறு முதல் ஒன்பது வரை வரிசை கலையாமல் கட்டிலின்மேல் வைத்திருந்தார். ஐந்தாம் பாகம் அவர் அக்குளில் இருந்தது. அதைப் பாகம் சார் பார்த்தார், மெக்கானிக்கும் அவர் பார்த்ததைப் பார்த்தார். டாக்டர் தங்கையிடம் மட்டும் தெளிவாகச் சொன்னார். மருந்தால் சுருங்கிய கட்டி மறுபடி வளரும், ஜூலை முடிவதற்குள் அறுக்க வேண்டும், கடைசி வியாழக்கிழமை முப்பதாம் தேதி, அதற்குப் பிறகு என்றால் தம்மால் உறுதி சொல்ல முடியாது.

அடுத்த வாரம் முதல் பாகம் சார் தங்கும் நாள் கேட்பதை நிறுத்தினார். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். வார்டு அதையும் விடவில்லை. "எல்லாருக்கும் தடியாவே குடுக்கறாரே, மேலருந்து ஏதோ உத்தரவு வந்திருக்கு" என்று நான்காம் கட்டில் இரண்டாம் கட்டிலிடம் சொன்னது. கண் அறுவைக்கு வந்த ஒருவர், அறுநூறு பக்கப் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, தமக்கு எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டு அழுதார். அவர் தங்க வேண்டியது ஒரே நாள்.

இருபதாம் தேதி, திங்கட்கிழமை, தங்கை ஐந்தாம் பாகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மூலை மடங்கவில்லை. பிய்ந்திருந்த முதுகை அவரே ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"முடிச்சுட்டாரு. ஆறாவது கேட்டாரு."

"எப்படி இருக்காரு?"

"படிக்கறாரு. அது ஒண்ணுதான் செய்யறாரு. பாரத்தைப் பத்திப் பேசினா பக்கத்தைத் திருப்பறாரு."

பாகம் சாரின் கை ஆறாம் பாகத்துக்குப் போய் அங்கேயே நின்றது. கொடுத்தால் அவர் வீட்டில் கிடந்து படிப்பார், பத்து நாளில் முப்பதாம் தேதி வந்துவிடும். கொடுக்காவிட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் கற்பித்துக்கொள்வார். எந்தப் பக்கம் அசைந்தாலும் அடி. கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே மொழியில் பேசினார்.

"ஆறாம் பாகம் வார்டை விட்டு வெளிய வராதும்மா. வேணும்னா இங்க வந்து படிக்கச் சொல்லுங்க."

தங்கையின் முகம் சிவந்தது. "நிக்க முடியாத மனுஷனை வரச் சொல்றீங்க. ஒரு புக்குக்கு."

"ஆமாம்."

"உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா சார்?"

தங்கை போன பிறகு பாகம் சார் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவேளை வரவே மாட்டாரோ, ஆறாம் பாகம் இல்லாமலே அந்த மனிதன் போய்விடுவாரோ என்று நினைத்தபோது, புத்தகத்தை எடுத்துக்கொண்டு தங்கையின் பின்னால் ஓடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். நோயாளிச் சட்டை இல்லை, தேய்த்த சட்டை, பெல்ட்டில் புதிதாகக் குத்திய இரண்டு துளை. வார்டு வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"குடுங்க சார். ஆபரேஷனுக்கு வரல. படிக்க வந்தேன்."

ஆறாம் பாகம், அறுநூற்று நாற்பது பக்கம். பத்து மணி முதல் நான்கு மணி வரை படித்தார். நடுவில் பெரிய சிஸ்டர் வந்து பாரத்தை அவர் அருகில் வைத்துவிட்டுப் போனார். நான்கு மணிக்கு மெக்கானிக் அந்தப் பாரத்தை இரண்டாக மடித்து, படித்த பக்கத்தில் அடையாளமாக வைத்து, புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தார். பாரம் நூற்றெழுபதாம் பக்கத்துக்கு நகர்ந்தது. வெள்ளிக்கிழமை இருநூற்றைம்பத்தைந்து. சனி, ஞாயிறு வரவில்லை. அந்த இரண்டு நாளும் பாகம் சாருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. திங்கள் முந்நூற்று நாற்பது. வண்டி வராத நாட்களிலும் பாகம் சார் பத்து மணிக்கே வந்து, பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, எதையாவது ஒட்டிக்கொண்டோ துடைத்துக்கொண்டோ இருந்தார். டாக்டர் அந்த வழியாகப் போகும்போது இரண்டு பேரையும் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார், போய்விடுவார். காலைக் கயிற்றிலிருந்து இறக்கிவிட்டிருந்த சலூன்காரர் இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு வந்து பெஞ்சருகே நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, தம் வாயைத் தாமே நம்பாமல் திரும்பிப் போனார்.

இருபத்தொன்பதாம் தேதி, புதன். மறுநாள் காலை எட்டரைக்கு அறுவை அறை காலியாக வைக்கப்பட்டிருந்தது. மெக்கானிக் மெதுவாகப் படித்தார். ஒரு பக்கத்தில் கால் மணி நேரம் நின்றார். மூன்றரை மணிக்குத் தலை நிமிராமல் கேட்டார்.

"சார், கிழவி இதுல செத்துடுவாளா?"

பாகம் சார் அந்தத் தொடரை நான்கு முறை படித்தவர். கிழவிக்கு என்ன ஆகிறது, எந்தப் பக்கத்தில் ஆகிறது என்பதுகூடத் தெரியும். பத்தொன்பது ஆண்டில் யாருக்கும் ஒரு முடிவையும் அவர் சொன்னதில்லை. இன்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால், மீதியை நீ படிக்கப் போவதில்லை என்று சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால்?

"எட்டரை மணிக்கு வாங்களேன்" என்றார். "ஆபரேஷன் முடிஞ்சு அந்தக் கட்டடத்துக்குப் போனாலும் நான் கொண்டுவந்து தரேன். வண்டி போகாது. நான் கையில எடுத்துட்டு வருவேன்."

"மூணு பாகம் பாக்கி இருக்கே சார்."

"ஒவ்வொண்ணா."

மெக்கானிக் அவரை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு பாரத்தை எடுத்து, ஐந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில் வைத்து, புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அத்தியாயம் பாதியில நிக்குது. நாளைக்குப் பாப்போம் சார்."

"எத்தனை மணிக்கு?"

மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கீழே இறங்கும் லிப்டின் முன்னால் நின்று, அது வரும் சத்தத்தைக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, உள்ளே போனார். பாகம் சார் புத்தகத்தைத் திறந்து பாரத்தைப் பிரித்தார். கையெழுத்துப் போட வேண்டிய கோடு வெறுமையாக இருந்தது. அதை மடிப்புக் கலையாமல் அதே பக்கத்தில் திருப்பி வைத்துவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.